சபீஹா விட்ட பெருமூச்சு

"அந்தம்மாவுக்கு நான் டீ போட மாட்டேன். சொல்லிட்டேன்ம்மா" என்று ருக்ஸார் அடுப்பை அணைத்தாள்.

சுரையா அதிகாலை ஃபஜ்ர் தொழுத விரிப்பை மடித்து அலமாரியில் வைத்தாள். கோத்தகிரி கடைவீதிக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டில் சுவருக்கு இந்தப் பக்கம் அவள் குடும்பம், அந்தப் பக்கம் கொழுந்தன் குடும்பம். நடுவில் இருந்த கதவுக்கு இரண்டு வருடமாகத் தாழ்ப்பாள்.

கொழுந்தன் மகள் ஹன்னாவைப் பெண் பார்த்துவிட்டுப் போன மேட்டுப்பாளையத்து அம்மாள், இன்று விசாரிக்க வருகிறாள். அதுவும் சுரையாவிடம். "பேச்சுவார்த்தை இல்லாத ஊட்டுலதானுங்க உண்மை வரும்" என்று போனிலேயே சொல்லிவிட்டாள். கெட்டிக்காரி.

"சாச்சி எனக்கு என்ன பண்ணாங்கன்னு மறந்துட்டீங்களா?"

மறப்பதா? இரண்டு வருடத்துக்கு முன் ருக்ஸாரைப் பெண் கேட்டு வந்தவர்கள் இதே மாதிரிதான் கொழுந்தன் மனைவி, அதாவது ருக்ஸாரின் சாச்சி சபீஹாவிடம் விசாரித்தார்கள். அவள் பொய் சொல்லவில்லை. "நான் என்னத்தைங்க சொல்றது..." என்று ஒரு பெருமூச்சு விட்டாள், அவ்வளவுதான். எப்போதோ பஸ் ஸ்டாண்டில் ருக்ஸார் மயங்கி விழுந்த கதை, அந்த ஒரு மூச்சில் தீராத வியாதியாகிவிட்டது. நிச்சயத்துக்கு எடுத்த புடவை இன்னும் மடிப்புக் கலையாமல் பீரோவில் கிடக்கிறது. பெற்ற வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"நீங்க பொய் சொல்ல வேணாம்மா. சும்மா... ஒரு மூச்சு விடுங்க. போதும்." ருக்ஸார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சுரையா மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"விடணும்னுதான் எனக்கும் இருக்கு கண்ணு. ஆனா அஞ்சு வேளையும், என்னை மன்னிச்சிரு ரப்பேன்னு கையேந்துறேன். அவளை மன்னிக்காம இனி எந்த மூஞ்சியோட ஏந்தறது? உனக்கு வலிக்கும். எனக்கும் வலிக்குது. வலிச்சாலும் நான் இதைச் செய்யத்தான் போறேன்."

ருக்ஸார் விருட்டென்று உள்ளே போய்விட்டாள்.

எட்டரை பஸ்ஸில் வந்த அம்மாள் உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள். "ஏனுங்க, புள்ள எப்படிங்க? மறைக்காம சொல்லுங்க. எனக்கு உவைஸ் ஒரே பையனுங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. சபீஹா கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். ஒரு நொடி... ஒரே நொடி, சுரையாவின் நெஞ்சு நிறைய மூச்சு ஏறி நின்றது. பீரோவில் கிடந்த புடவை கண்முன் வந்தது.

"நான் தூக்கி வளர்த்த புள்ளைங்க அது" என்றாள், நிதானமாக. "எனக்கு ஆபரேஷன் ஆனப்போ, அவங்கம்மாவுக்குத் தெரியாம தினம் கஞ்சி கொண்டாந்து குடுத்துச்சு. பெரியவங்க எங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும். அதுல அந்தப் புள்ளைக்குப் பங்கில்லீங்க. தைரியமா நிக்காஹ் வெய்யுங்க. தொழுதுட்டு உக்காந்துதான் சொல்றேன்."

உள்ளிருந்து ருக்ஸார் வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. கையில் டீ.

"எங்க ஹன்னா நல்ல பொண்ணுங்க" என்று மட்டும் சொல்லி நீட்டினாள்.

அம்மாள் மனம் நிறைந்து கிளம்பினாள். அவள் படியிறங்கியதும் நடுக்கதவு தட்டப்பட்டது. சுரையா தாழ்ப்பாளை இழுத்தாள். துருப்பிடித்து இறுகியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்துத் திறந்தாள்.

"அக்கா... நீங்க சும்மா இருந்திருந்தாலே என் புள்ள வாழ்க்கை போயிருக்கும். நான் பண்ணதை நீங்களும் பண்ணியிருக்கலாமே..."

காலில் விழப் போன சபீஹாவைச் சுரையா பாதியிலேயே தூக்கி அணைத்துக்கொண்டாள்.

"உழுவாதே. அல்லாஹ்வுக்கு மட்டும்தான் அது. நான் விடியக்காலையிலேயே உன்னை மன்னிச்சாச்சு. நீ கேக்க வேண்டியது அங்க."

ருக்ஸார் முதுகைக் காட்டி நின்றாள்.

"தப்புப் பண்ணிட்டேன் கண்ணு... சாச்சியை மன்னிச்சிரு."

ருக்ஸார், அந்த அம்மாள் குடித்து வைத்த டம்ளரை எடுத்துக் கழுவினாள்.

"என்னால இன்னைக்கே முடியலை சாச்சி" என்றாள் ருக்ஸார் கடைசியில், திரும்பாமலே. "ஆனா அந்தத் தாழ்ப்பாளை இனிமே போட வேணாம்."

பிறகு பாத்திரத்தில் மிச்சமிருந்த டீயை ஊற்றி, சாச்சியின் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.