மஞ்சள் தொப்பிக்குள் வேறு முகம்

ஒரே டிக்கெட்டில் ஜகார்த்தா முழுவதையும் சுற்றிப் பார்க்கலாம் என்று அப்பா சொன்னபோது லாரஸ் நம்பவில்லை.

"பஸ் ஸ்டேஷனுக்குள்ள போகும்போது ஒரு தடவை கார்டைத் தேய்க்கணும். அப்புறம் எந்த பஸ்ல மாறி ஏறினாலும் காசு கிடையாது. வாசலைத் தாண்டி வெளிய மட்டும் போயிடக் கூடாது," என்றார் அப்பா.

அப்பாவுக்குச் சுக்காபூமி என்ற ஊரில் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. ஒவ்வொரு விடுமுறையிலும் "அடுத்த லீவுக்குக் கண்டிப்பா ஜகார்த்தா" என்று சொல்லிச் சொல்லி, இந்த முறைதான் சொன்னதைச் செய்தார். அம்மா கடையைப் பார்த்துக்கொண்டார். அப்பாவும் லாரஸும் அவள் தம்பி கிலாங்கும் விடியற்காலை ரயிலைப் பிடித்தார்கள். வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்த சோறும் பொரித்த சோயா டெம்பேயும் பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டன.

ஜகார்த்தா ரயில் நிலைய வாசலில் ஏதோ பால் கம்பெனிக்காரர்கள் சின்னப் பிள்ளைகளுக்கு மஞ்சள் தொப்பி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இலவசம். கிலாங்குக்கு ஐந்து வயது. தொப்பி அவன் மூக்குவரை இறங்கியது. ஆனாலும் கழற்ற மாட்டேன் என்றுவிட்டான்.

அப்பா சொன்னது உண்மைதான். ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கி, நடைமேடையிலேயே நின்று அடுத்த பஸ்ஸில் ஏறினார்கள். வானத்தைத் தொடும் கட்டடங்கள், கண்ணாடிச் சுவர்கள், தலைக்கு மேலே ஓடும் ரயில் என்று எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகவே பார்த்தார்கள். ராஜா வீட்டுப் பிள்ளைகள்கூட இப்படிச் சுற்றியிருக்க மாட்டார்கள் என்று அப்பா பெருமைப்பட்டுக்கொண்டார்.

டுக்கு ஆத்தாஸ் நிலையத்தில் பஸ் மாறும்போது ஒரே நெரிசல். பஸ்ஸின் முன்பகுதி பெண்களுக்கு; ஆண்கள் பின்பக்கம்தான் ஏற வேண்டும். தம்பி கையை விடாதே என்று சொல்லிவிட்டு அப்பா பின்கதவுக்கு ஓடினார்.

கூட்டம் லாரஸைத் தள்ளியது. ஒரு நொடி கை நழுவியது. உடனே கையை நீட்டி மஞ்சள் தொப்பியின் கீழிருந்த சின்னக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே ஏறினாள். கதவு மூடியது. பஸ் கிளம்பியது.

"அப்பாடா. மூச்சு முட்டுதா கிலாங்?" என்று கேட்டுத் தொப்பியைத் தூக்கினாள்.

உள்ளே இரட்டைப் பின்னல் இருந்தது.

லாரஸ் தொப்பியை மறுபடி வைத்துவிட்டு, திரும்பவும் தூக்கிப் பார்த்தாள். அதே பின்னல்தான். அந்தச் சின்னப் பெண் அவளை அண்ணாந்து பார்த்து அமைதியாகக் கேட்டாள்:

"நீ யாரு, அக்கா?"

லாரஸுக்குப் பக்கத்தில் சிவப்பு முக்காடு போட்ட ஓர் அம்மா நின்றிருந்தார். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது உன் தங்கச்சி இல்லையா?"

"இல்ல. என் தம்பி."

"தம்பியா?"

"என் தம்பின்னு நெனச்சு இழுத்துட்டு வந்துட்டேன்."

அவ்வளவுதான். ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்தார்கள். உன் பேர் என்ன, அம்மா எங்கே, எந்த ஊர் என்று நாலு பக்கமிருந்தும் கேள்விகள். பிள்ளை பிடிப்பவர்கள் இந்தக் காலத்தில் சின்னப் பெண்களைக்கூட அனுப்புகிறார்கள் என்று யாரோ முணுமுணுத்தார்கள். அது லாரஸின் காதில் நன்றாகவே விழுந்தது.

செய்தி பின்பக்கம் போய்ச் சேர்ந்தது. அப்பா கூட்டத்தைப் பிளந்துகொண்டு பெண்கள் பகுதியின் ஓரம் வரை வந்தார். பின்னலைப் பார்த்தார். லாரஸைப் பார்த்தார். அவர் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது.

"கிலாங் எங்க?" என்றார். குரல் அவருடையது போலவே இல்லை.

லாரஸ் அழத்தான் போனாள். ஆனால் அந்தச் சின்னப் பெண்ணின் உதடு அதற்கு முன்பே பிதுங்கத் தொடங்கிவிட்டது. இத்தனை பெரியவர்கள் குனிந்து கேள்வி கேட்டால் யாருக்குத்தான் பேச்சு வரும்?

லாரஸ் பஸ்ஸின் தரையிலேயே அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"என் தம்பி காணாமப் போயிட்டான். எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. நீ எனக்கு உதவி பண்றியா?"

பிதுங்கிய உதடு நின்றது. "நானா?"

"ஆமா. உன் பேர் என்ன?"

"வுலான். எனக்கு அம்மா நம்பர் பாட்டு தெரியும்."

வுலான் பாடினாள். எட்டு, ஒன்று, இரண்டு என்று பாதி வந்ததும் யாரோ குறுக்கே பேச, மறந்துவிட்டது. முதலிலிருந்து பாடினால்தான் அவளுக்கு வரும். மறுபடி யாரோ பேசினார்கள். மறுபடி மறந்தது.

லாரஸ் எழுந்து நின்றாள். "தயவுசெஞ்சு யாரும் பேசாதீங்க. அவ பாடட்டும்," என்றாள்.

பஸ் முழுவதும் வாயை மூடிக்கொண்டது. வுலான் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளி மேடையில் நிற்பதுபோல் நின்று, கடைசி எண் வரை பாடி முடித்தாள்.

அப்பாவின் போனில் பேச வழியில்லை. காசு போட்டுப் பல நாளாயிற்று. யாராவது கூப்பிட்டால் எடுக்கலாம், அவ்வளவுதான். சிவப்பு முக்காடு அம்மா தன் போனில் அந்த எண்ணை அழுத்தி லாரஸிடம் நீட்டினார்.

"அத்தை, உங்க பொண்ணு வுலான் என்கிட்ட இருக்கா."

"என்னம்மா விளையாடறியா? அவ இங்க என் கையைப் பிடிச்சுட்டு..."

குரல் நின்றது. பிறகு ஓர் அலறல் கேட்டது. அதற்குப் பின்னால், ரொம்ப நிதானமாக, கிலாங்கின் குரல்:

"நான் அப்பவே சொன்னேன், நீங்க எங்க அக்கா இல்லன்னு."

அப்பா பக்கத்திலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

வுலானின் அம்மா இருந்தது வேறு பக்கம் போகும் பஸ். இதோ வருகிறேன், எங்கே இருக்கிறீர்கள், எந்த பஸ் என்று அவர் படபடத்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தேடி ஓடினால் நடுவழியில் தாண்டிப் போய்விடுவோமே என்று லாரஸுக்குத் தோன்றியது.

"அத்தை, டுக்கு ஆத்தாஸுக்கே திரும்பி வாங்க. கழிப்பறை வாசல்ல நில்லுங்க. நாங்களும் அங்கதான் வர்றோம். யார் முதல்ல வந்தாலும் நகரக் கூடாது."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்க பஸ்ஸில் ஏறினார்கள். லாரஸ் சொன்னதை நம்பினாரோ இல்லையோ, சிவப்பு முக்காடு அம்மாவும் கூடவே வந்தார்.

கழிப்பறை வாசலில் ஒரு பெண்ணும் மஞ்சள் தொப்பியும் நின்றிருந்தார்கள். வுலானைப் பார்த்ததும் அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா கிலாங்கைத் தூக்கி இறுக்கிய இறுக்கில் அவன் "விடுப்பா, வலிக்குது" என்று உதறினான். ஒரு பழச்சாற்றுக் குப்பி அவன் கையில் பாதி தீர்ந்திருந்தது.

வுலானின் அம்மா மூச்சு வாங்கியபடி லாரஸைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தொப்பியைத் தூக்கிப் பாக்கணும்னு உனக்காவது தோணுச்சு," என்றார் அவர். "நான் பெத்தவ. எனக்குத் தோணலையே."

அப்போதுதான் சிவப்பு முக்காடு அம்மா சிரித்தார். லாரஸின் தலையைத் தடவிவிட்டுத் தன் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

வுலானும் அவள் அம்மாவும்கூட ஒரே டிக்கெட்டில் வெளியே போகாமல் ஊர் சுற்றுகிறவர்கள்தானாம். பிறகென்ன, எல்லோரும் சேர்ந்தே பழைய நகரமான கோத்தாவுக்குக் கிளம்பினார்கள்.

பஸ் வந்தது. மறுபடி அதே நெரிசல். உள்ளே ஏறிக் கதவு மூடுவதற்குள் லாரஸ் குனிந்து, தான் பிடித்திருந்த கையின் சொந்தக்காரனை உற்றுப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்து நாக்கை முழுசாக வெளியே நீட்டினான்.

சந்தேகமே இல்லை. கிலாங்கேதான்.