விளக்கேற்றாத படகுகள்

ஆடிப் பெருக்கன்று அந்தி மயங்கும் வேளையில், புதுப்புனல் நுரைத்துச் சுழித்தோடிய குமுதியாற்றின் மீது வளர்பிறை நிலவு பாலைச் சொரிந்துகொண்டிருக்க, மங்கையர் விட்ட அகல் தீபங்கள் வாழைமட்டைத் தெப்பங்களில் மிதந்து சென்றன. கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் வாசகர்காள், வெண்கோட்டைப் படித்துறையில் காத்து நின்ற நீர்ப்பணித் தலைவன் இளங்காரிக்கு மட்டும் வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? ஆற்றிலிருந்து கோட்டைவரை படகு செல்லக் கால்வாய் வேண்டுமென்று அவன் மன்றாடிய காலமெல்லாம், நெல்வண்டிகள் மாரிச் சேற்றில் அச்சு முறிந்து கிடந்தும், அரசவை அவனை அலைக்கழித்தது. கடைசியில் இசைந்தபோதும், கால்வாய் ஆற்றிலிருந்து பிரியும் ஆற்றுவாயில் அமைக்கவேண்டிய மதகுக் கதவை வீண்வேலை என்று முதலமைச்சர் நீக்கிவிட்டார். கிடைத்தவரை போதுமென்று இளங்காரியும் தலையாட்டினான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

ஆற்றுவாயில் விடும் தீபங்கள் கால்வாய் வழியே கோட்டைப் படித்துறையை அடைந்தால் நாடெங்கும் கால்வாய்கள். அடையாவிட்டால் வெட்டியதையும் தூர்த்துவிடுவது. இதுவே மன்னர் ஆணை. மன்னர் காத்திருந்தார். ஒரு தீபமும் வரவில்லை.

"தண்ணீருக்கே உமது திட்டம் பிடிக்கவில்லை போலும்," என்றார் முதலமைச்சர்.

இளங்காரி கால்வாய்க் கரையோடு ஓடினான். ஆற்றுவாய்க்கு அருகே, தாழம்புதர் மறைத்த வளைவில், மணல் நிரப்பிய ஓலைப்பைகளை அடுக்கி யாரோ கால்வாயையே அடைத்திருந்தார்கள். தீபங்கள் அதில் முட்டித் தேங்கிக் கிடந்தன. அருகே முக்காடிட்ட பூக்காரி ஒருத்தி நின்றாள்.

"யாருடைய கையாள் நீ?" என்று பல்லைக் கடித்தவன், பையொன்றை உருவப்போனான்.

"அதைத் தொடாதீர்."

முக்காடு விலகியது. மன்னரின் மகள் பொன்னாழி நங்கை. அவன் யாரிடமும் சொல்லாமல் நெஞ்சில் வைத்திருந்த முகம்.

"தேவி, என் உழைப்பில் மண்ணள்ளிப் போடத் தங்களுக்குமா மனம் வந்தது?"

"ஆற்றின் எதிர்க்கரை நாணலைப் பாரும். இன்று மீன்பிடி ஓடம்கூட விளக்கேற்றாமல் ஆற்றில் இறங்காது. அந்தப் படகுகளில் ஏன் ஒரு விளக்கும் இல்லை?"

பார்த்தான். நாணலிடையே நீண்ட கரிய படகுகள். அவை நிறைய வேலேந்திய ஆட்கள். பகைவன் மறவூர் வேளின் படை.

"அவை அங்கே பதுங்குவதைக் காலையிலேயே தந்தையாரிடம் சொன்னேன். பெண்பிள்ளையின் பயம் என்று அமைச்சர் சிரித்தார். அதனால் தோழியரோடு வந்து அடைத்தேன். கதவில்லாத கால்வாய் நெல்லை மட்டுமா உள்ளே கொண்டுவரும்? இப்படிச் சபையில் வாதாடியவர் நீர்தாமே. திரைக்குப் பின்னிருந்து கேட்டேன்."

இளங்காரியின் கை இன்னும் பையின்மேல் இருந்தது. உருவினால் தீபங்கள் போய்ச் சேரும், அவன் ஜெயிப்பான். பின்னாலேயே பகைவரும் போவார்கள். அவனுக்கு அழவேண்டும் போலிருந்தது. பையை அழுத்தி இறுக்கிவிட்டு, மேலும் ஒன்றைத் தூக்கி வைத்தான்.

திரும்பிவந்து மன்னர்முன் மண்டியிட்டான்.

"அரசே, பகைப்படகுகள் நாணலில் பதுங்கியிருக்கின்றன, படையை அனுப்புங்கள். தீபங்களை நிறுத்தியவன் நான். கதவின்றி வெட்ட இசைந்ததும் என் குற்றமே. ஆணைப்படி கால்வாயைத் தூர்த்துவிடுங்கள். ஆற்றுவாயில் மதகுக் கதவு நிற்கும் நாள்வரை நான் மண்வெட்டி தொடமாட்டேன், மணமாலையும் சூடமாட்டேன். குமுதியின்மேல் ஆணை."

மன்னர் போர்முரசுக்குக் கைகாட்டினார். மதகுக் கதவுக்கும் மணமாலைக்கும் என்ன தொடர்பு என்று மட்டும் அவருக்கு விளங்கவில்லை. கூட்டத்தின் பின்னே வந்து நின்ற பூக்காரிக்கு விளங்கியது.