நாலாம் அறையில் இருபது நிமிஷம்

நாலாம் அறைக்குள் நிமிஷக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மார்போடு அணைத்திருந்த துண்டுகளுடன் ரோஸ்விதா நடையில் நின்றுவிட்டாள். வலிக்கு வருகிறவர் உடம்பில் சூடான சேற்றைப் பூசிக் கட்டுப் போட்டதும் இருபதுக்குத் திருகி வைத்தால், நேரம் முடிந்ததும் கிர்ரென்று அடிக்கிற சின்னக் கடிகாரம். திருகாமல் ஓடாது. நாலாம் அறையிலோ பதினோரு வருஷமாக யாருக்கும் கட்டுப் போட்டதில்லை. பழைய விரிப்புகளை அடைத்துப் பூட்டி வைத்திருந்தார்கள்.

நவம்பரில் அந்தப் பள்ளத்தாக்குக்கு வெயில் இரண்டு மணியோடு சரி. அதற்குப் பிறகு ஊசியிலைக் காட்டின் நிழல் மலையை விட்டு இறங்கி, கண்ணாடிச் சன்னல்கள் வழியாக நடைக்குள் நுழைந்து, வெந்நீர்க் குழாய்களின் முனகலோடும் ஊற்றுத் தண்ணீரின் துருவாடையோடும் கொதிக்கிற சேற்றின் மண்வாசனையோடும் கலந்து, இருட்டும்வரை அங்கேயே கிடக்கும். ஊர்ப் பெயருக்கு முன்னால் ‘பாட்’ என்று ஒரு பட்டம். இது குளியலூர் என்பதற்கு அத்தாட்சி. அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றத்தான் ஊராட்சி இந்தக் குளியல் மாளிகையை இத்தனை வருஷம் இழுத்துப் பிடித்தது. இன்று அதற்கும் முடிவு. விருந்தாளிகள் மதியமே கிளம்பிவிட, சாப்பாட்டுக் கூடத்தில் வேலைக்காரர்களுக்குக் காபியும் செர்ரி கேக்கும் காத்திருந்தன.

பத்தொன்பது வருஷம் அவளோடு சேர்ந்து சேறு குழைத்த கெர்லிண்டே, நடைமுனையில் தலையை நீட்டினாள்.

“வர்றியா இல்லையா? மேயர் பேச ஆரம்பிச்சுட்டா கேக்கு மேல அவர் எச்சில்தான் மிஞ்சும்.”

நாலாம் அறையைத் திறந்தது நீயா என்று ரோஸ்விதா கேட்டாள். சாவி உன் கொத்தில்தானே கிடக்கிறது என்று சிரித்துவிட்டு அவள் போய்விட்டாள். போகிறவளின் முதுகைப் பார்த்து ரோஸ்விதாவின் வாய் தானாகச் சொன்னது: “இதோ வந்துடறேன்.”

அந்த மாளிகைப் பெண்களின் வாயில் நாள் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும் வார்த்தை அது. ‘இதோ’ இரண்டு நிமிஷமாகவும் இருக்கலாம், அரைமணியாகவும் இருக்கலாம். யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

அவள் கணவன் ஓட்மார் மர அறுவைப் பட்டறையில் முதுகைத் தொலைத்தவன். பதினோரு வருஷத்துக்கு முன்பு, அன்றும் ஒரு நவம்பர். கடைசி விருந்தாளி போனபின் அவனைப் பின்வாசல் வழியாகக் கூட்டிவந்து நாலாம் அறையில் படுக்க வைத்தாள். சூடான சேறு, அதன்மேல் விரிப்புகள், அதன்மேல் கம்பளி. கைகள் உடம்போடு ஒட்டிக் கழுத்துவரை இறுக்கம். கடைசி விரிப்பை மடிக்குமுன், ஆள் கூப்பிடுவதற்கான மணிக்கயிற்றின் முனையைப் படுத்திருப்பவர் கையில் கொடுத்துவிட வேண்டும். முதல் நாளே சொல்லித்தரும் பாடம் அதுதான். அவளும் கொடுக்கத்தான் போனாள்.

“மணி எதுக்கு? நீதான் இருக்கியே,” என்றான் ஓட்மார். கயிற்றை ஆணியிலேயே மாட்டிவிட்டாள்.

கடிகாரம் அடித்தபோது அவள் கெர்லிண்டேயின் பிறந்தநாள் கேக்கோடு உட்கார்ந்திருந்தாள். நடையைப் பார்த்து, இதோ வந்துடறேன் என்று குரல் கொடுத்துவிட்டு இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள். அவள் போய்ச் சேர்ந்தபோது ஓட்மாரின் முகம் மட்டும் வெளியே, கதவைப் பார்த்தபடி, கண் திறந்து கிடந்தது. எவ்வளவு நேரம் என்று டாக்டர் கேட்டார். இருபது நிமிஷம் என்றாள். இதயம் பலவீனம் என்று எழுதிக்கொண்டார். ஊரே அவளைக் கட்டிக்கொண்டு அழுதது. அந்த ஆறுதலை ஒருநாள்கூட அவளால் நிம்மதியாக வாங்கிக்கொள்ள முடியவில்லை. உண்மையை அவனிடமாவது சொல்லியிருக்கலாம் என்று கல்லறைக்குப் போகும்போதெல்லாம் நினைப்பாள். பூவை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள்.

சாவியைப் போட்டுத் திருகினாள். கதவு திறந்ததும் வெப்பம் முகத்தில் அடித்தது. புதுச் சேற்றின் வாசனை. விரிப்பு மூட்டைகள் சுவரோரம் ஒதுங்கியிருந்தன. நடுவில் கட்டில். கட்டிலில் ஒரு கட்டு, ஆள் நீளத்துக்கு, தலையும் சேர்த்து மூடியிருந்தது. ஓரங்கள் மடித்திருந்த விதத்தைப் பார்த்தாள். அவளுடைய மடிப்பு.

மணிக்கயிறு ஆணியில் தொங்கியது.

கடிகாரம் இரண்டைக் காட்டியது. பிறகு ஒன்றை. கூடத்திலிருந்து கைதட்டலும் தட்டுகளின் சத்தமும் கேட்டன. கதவைச் சாத்திவிட்டு அங்கே போய்விடலாம். கால்கள் அதற்குத்தான் தயாராயின.

கிர்ர்ர்.

“முடிஞ்சுதா?” என்றது விரிப்புக்குள்ளிருந்து ஓட்மாரின் குரல். கோபமே இல்லை. அதுதான் அவளை உடைத்தது. துண்டுகளைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிலுக்கு ஓடினாள்.

“வந்துட்டேன். இதோ அவுத்துடறேன்.”

கம்பளி. முதல் விரிப்பு. இரண்டாவது. ஈரச் சூடு விரல்களைச் சுட்டது. அழுதுகொண்டே அவிழ்த்தாள்.

“நான் பொய் சொன்னேன், ஓட்மார். இருபது நிமிஷம் இல்ல. நாப்பத்தஞ்சு.”

“தெரியும்,” என்றான். “எண்ணிட்டேதான் கிடந்தேன். இன்னும் எண்ணிட்டிருக்கேன்.”

இன்னொரு விரிப்பு. அதற்குள் இன்னொன்று. எல்லாம் அவள் மடிப்பு. இத்தனை விரிப்புகளை அவள் அன்று சுற்றவே இல்லை. உருவி எறிந்தது முழங்கால்வரை குவிந்தது. குரல் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது, நடைமுனையில் நின்று பேசுகிறவன் குரலாக.

“வர்றியா?”

“இதோ.”

கட்டு ஒரு குழந்தையின் அளவுக்கு வந்துவிட்டது. நிறுத்தத் தெரியவில்லை. இடுப்புவரை ஈரத்துணி. வெளியே கெர்லிண்டே கூப்பிட்டாள், விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாள், ரோஸ்விதா முன்னமே போய்விட்டாள் போல என்று யாரிடமோ சொன்னாள். பெரிய கதவு பூட்டும் சத்தம்.

இப்போது அது அவள் இரண்டு உள்ளங்கைகளுக்குள் அடங்கியது. சூடாக இருந்தது. மூச்சில் ஏறி இறங்கியது. உள்ளே, காது வைத்தால் மட்டும் கேட்கும் குரலில், யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

ஓரத்தில் இன்னொரு மடிப்பு இருந்தது.

“இதோ,” என்றாள் ரோஸ்விதா.