உம் கொட்டுகிறவன்

முன்னறையில் யாரோ இருமினார்கள்.

தையல்காரன் அப்போது பின்னறையில், வெட்டுத்துணி மூட்டைகளுக்கு நடுவே குந்தியிருந்தான். கையில் பாட்டில் இருந்தது. மூடியை இன்னும் திருகவில்லை. வீட்டில் அவனைத் தவிர வேறு ஆள் கிடையாது. முன்னறையில் இருந்ததெல்லாம் தையல் மெஷினும், மேசைமேல் ஸ்பீக்கரில் போட்டு வைத்த அவனுடைய போனும், அதற்குப் பக்கத்தில் மகள் கழித்துப் போட்ட பழைய போனும்தான். பழைய போனில் அவனே பதிந்து வைத்த சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் ஓடும், கத்திரியை மேசையில் வைக்கும் ஓசை வரும், இடையிடையே அவன் ‘ம்’ என்பான். அவ்வளவே. இருமல் எதுவும் அதில் கிடையாது.

போனின் மறுமுனையில் இருக்கும் கண்டக்டர்தான் இருமியிருப்பார் என்று நினைத்துக்கொண்டான். கிழத்துக்கு நெஞ்சு முழுக்கச் சளி.

குடியை விட நினைப்பவர்கள் மாலையில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கூடுவார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு பிரிந்து போன மனைவி போட்ட நிபந்தனைக்காக அவனும் போய்ச் சேர்ந்தான். பெரிய பெரிய ஆட்கள் குழந்தைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, ஒருவர் மாற்றி ஒருவர் மூக்கைச் சிந்துவதைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மூக்கால் மட்டும் ஒரு சின்னச் சிரிப்பு சிரித்து வைத்தான். அழுகிறான் என்று நினைத்து யாரோ முதுகைத் தடவிக்கொடுத்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. குடிக்கத் தோன்றினால் தன் துணையாளைப் போனில் கூப்பிட வேண்டும். பேசியே ஆக வேண்டும் என்பதில்லை. போனைத் திறந்து வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கலாம். இந்த வீட்டுச் சத்தம் அந்த வீட்டுக்கும், அந்த வீட்டுச் சத்தம் இந்த வீட்டுக்கும் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். சத்தம் நின்றுபோனால் துணையாள் கிளம்பி வாசலுக்கே வந்துவிடுவார்.

அவனுக்கு வாய்த்த துணை, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பஸ் கண்டக்டர். முட்டிவலியையும் ஒழுகுகிற குழாயையும் விட்டால் அவருக்குப் பேச ஒன்றும் கிடையாது. இந்த ஆளுக்கு உட்கார்ந்து உம் கொட்டுவதற்கா நான் பிறந்தேன் என்று கடுப்பாகி, கை நடுங்காத ஒரு நல்ல காலையில் அந்தப் பதிவைச் செய்து வைத்தான். பதிவு முன்னறையில் உம் கொட்டும், அவன் பின்னறையில் குடிப்பான். கண்டக்டர் ஏமாந்தார். ஏமாந்ததோடு விடாமல், கூட்டத்தில் எல்லார் முன்னாலும், “தம்பி மாதிரி பொறுமையா கேக்கறவங்க யாருமில்ல” என்று கண் கலங்கினார். தையல்காரன் தலையைக் குனிந்துகொண்டான். அடக்கம் என்று நினைத்துக் கைதட்டினார்கள், மடையர்கள்.

இன்று சாயங்காலம் மனைவியும் மகளும் வருகிறார்கள். “வாசப்படி ஏறும்போதே வாடை அடிச்சுதுன்னா அப்படியே திரும்பிடுவோம். அப்புறம் நீங்க யாரோ, நாங்க யாரோ” என்று அவள் நிதானமாகச் சொல்லியிருந்தாள். நிதானமாகச் சொன்னால் அவள் செய்வாள். மகளுக்குக் கவுன் தைத்து வைப்பதாக அவன் வாக்குக் கொடுத்திருந்தான். காலர் மட்டும்தான் பாக்கி. காலர் முனையைத் திருப்பப் போனால் விரல்கள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. ஒரே ஒரு மடக்கு உள்ளே போனால் கை நின்றுவிடும், தைத்து முடித்து வாயைக் கொப்பளித்துக்கொள்ளலாம் என்றுதான் பின்னறைக்கு வந்தான்.

மூடியைத் திருகினான். குடித்தான். தொண்டையில் எரிந்து இறங்கியது. பஞ்சும் பழைய துணியும் எலிப்புழுக்கையும் கலந்த அறையின் நெடியோடு சாராய நெடியும் சேர்ந்துகொண்டது.

முன்னறையில் கண்டக்டரின் குரல் கரகரத்தது. “எம் பொண்டாட்டி கடைசியா கூப்பிட்டப்ப நான் போதையில கெடந்தேன் தம்பி. போன் அடிச்சுட்டே இருந்துச்சு. கேட்டுச்சு, எடுக்க முடியல. அதான் இப்பல்லாம் யாரு கூப்பிட்டாலும் எடுத்துடறது.”

‘ம்’ என்றது முன்னறை.

தையல்காரன் மூக்கால் சிரித்தான். ஊருக்கெல்லாம் உபகாரம் செய்து செத்த பொண்டாட்டியைத் திருப்பி வாங்கப் பார்க்கிறார். இன்னொரு மடக்கு குடித்தான்.

“நீ இன்னிக்குத் தொடலல்ல?” என்று கேட்டார் கண்டக்டர்.

“தொடலண்ணே.”

பாட்டில் அவன் உதட்டிலேயே நின்றது. அது அவனுடைய குரல். ஆனால் பல வருஷமாக அவன் வாயிலிருந்து வராத, பிசிறில்லாத குரல். பதிவில் அப்படி ஒரு சொல் இல்லை. சரக்கு சரியில்லை, காதில் கோளாறு பண்ணுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மூச்சை அடக்கிக் கவனித்தான். மெஷின் ஓடியது. பதிவுக்காக அவன் ஓட்டியது ஒரு முழுத் துண்டுத் துணியில் நீளமான நேர்த்தையல், நிற்காமல் ஓடும். இது அப்படி ஓடவில்லை. கொஞ்சம் ஓடி நின்றது. துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கும் ‘டக்’. துணி திரும்பும் சரசரப்பு. பாதம் இறங்கும் ‘டக்’. மறுபடி ஓட்டம்.

காலர் முனை. யாரோ காலர் முனையைத் திருப்புகிறார்கள்.

எழுந்தான். மூட்டையைப் பிடித்துக்கொண்டு கதவருகே போய், பலகை விலகியிருந்த இடுக்கில் கண்ணை வைத்தான்.

மெஷின் விளக்கு எரிந்தது. அதன் முன்னால் ஒரு முதுகு. அவனுடைய சட்டை. இடது தோளில் அவனே போட்ட ஒட்டு. கழுத்தில் அளவு டேப் தொங்கியது.

தன் கழுத்தைத் தடவிப் பார்த்தான். எப்போதும் கிடக்கும் டேப் அங்கே இல்லை.

“அண்ணே,” என்றது அந்த முதுகு, “பின்னாடி ஒருத்தன் இருக்கான். தொந்தரவு பண்றான்.”

“எல்லாருக்கும் ஒருத்தன் இருப்பான் தம்பி. கூப்பிட்டா திரும்பிப் பாக்காத. உன் வேலையப் பாரு. நான் இங்கதான் இருக்கேன்.”

“சரிண்ணே. நீங்க இருக்கறதாலதான் தாங்குது.”

அது மூக்கால் சிரிக்கும் என்று தையல்காரன் காத்திருந்தான். சிரிக்கவில்லை. அந்த நன்றியில் கள்ளம் இல்லை.

கதவைத் தள்ளினான். அசையவில்லை. வெளியே தாழ்ப்பாள். அவன் அதைப் போட்டுவிட்டு வரவில்லை. உள்ளே இருப்பவன் எப்படிப் போட முடியும்?

வாசலில் செருப்புச் சத்தம்.

மனைவி படியில் நின்றாள். மூச்சை இழுத்துப் பார்த்தாள். இன்னும் ஒரு படி ஏறினாள். மகள் அவளைத் தாண்டி ஓடிவந்து மேசைமேல் இருந்த கவுனை எடுத்தாள். காலரின் இரண்டு முனையும் கச்சிதமாக நின்றன. அந்த முதுகு எழுந்தது. மனைவி அதன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, பார்த்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள். அவள் கை அதன் ஒட்டுப்போட்ட தோளில் போய் விழுந்தது.

“லேசா வாடை வருதுங்க,” என்றாள்.

“அந்த ரூம்லதான். பழசு. தொறக்க வேணாம்.”

அது நான் இல்லை என்று கத்த வாயைத் திறந்தான். முழு மூச்சையும் கூட்டினான். மனைவியின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது.

“ம்.”

அவ்வளவுதான் வந்தது.

மறுபடி முயன்றான். கதவை அறைந்தான். கை படும் சத்தம் வரவில்லை. மேசையில் கத்திரி வைக்கும் ஓசைதான் வந்தது. பாட்டிலை விட்டெறிய நினைத்தான். விரல்கள் விரியவில்லை. இத்தனை குடித்தும் பாட்டிலில் சரக்கு குறைந்திருக்கவும் இல்லை.

“ம்.”

மகளின் காலடி கதவருகே வந்து நின்றது. இடுக்கை அவள் கண் மறைத்தது. தன் கண்ணுக்கு நேர் எதிரே அவள் கண். இருட்டைத் தவிர அதில் எதுவும் பிடிபடவில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது.

“அப்பா, உள்ள யாரோ உம் கொட்றாங்க.”

“பழைய போன்மா. அது பாட்டுக்கு ஓடும். சார்ஜ் தீந்தா அடங்கிடும்.”

கண் விலகியது. புதுக் கவுன் சரசரக்க அவள் போனாள். யாரோ வாசல் கதவைச் சாத்தினார்கள், யாரோ தண்ணீர் கேட்டார்கள், மூவரும் எதற்கோ சிரித்தார்கள். முன்னறையில் மெஷின் ஓடத் தொடங்கியது. அது ஓடி நிற்கும் ஒவ்வொரு இடைவெளியிலும், வெட்டுத்துணிக்கு நடுவே, வாயருகே பாட்டிலோடு, அவன் வாய் தானாகத் திறந்தது.

“ம்.”