பச்சை விளக்கு

அந்த வகுப்பில் இப்போதெல்லாம் டீச்சர் பாடம் கேட்பதில்லை. டேப் என்கிற கைக்கணினிதான் கேட்கும். பிள்ளைகள் அதன் முன்னால் உட்கார்ந்து சத்தமாக வாசிக்க வேண்டும். சரியாக வாசித்தால் திரையில் பச்சை விளக்கு, தப்பென்றால் சிவப்பு.

அணில் என்று வகுப்பு கூப்பிடும் சிறுமிக்குத் தினமும் சிவப்புதான்.

அவளுக்கு வாசிக்கத் தெரியாமல் இல்லை. பேச்சு திக்கும். "ம... ம... ம..." என்று முதல் எழுத்திலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும். டேப் பொறுக்காது. "மீண்டும் முயற்சி செய்!" என்று தேனொழுகச் சொல்லிவிட்டு முதல் வரிக்கே போய்விடும்.

பக்கத்தில் உட்காரும் ரேடியோவுக்கு டேப் மேல் ஆத்திரமாக வரும். ஓயாமல் பேசுவதால் வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் அது.

ஒரு நாள் டீச்சர் சொன்னார்: "இந்த வாரமும் சிவப்பு வாங்கினா, திங்கட்கிழமை கீழ் வகுப்புக்குப் போகணும்."

அன்றிலிருந்து அணில் பேசுவதையே நிறுத்திவிட்டாள். அதே குடியிருப்பில் இருக்கும் ரேடியோவை அணிலின் அம்மா மாடிப்படியில் மடக்கினார். "ஸ்கூல்ல என்னடி ஆச்சு? தண்ணி வேணும்னாகூட கையைத்தான் நீட்டுறா." அவர் கண்கள் கலங்கியிருந்தன.

மறுநாள் ரேடியோ அணிலின் டேப்பை இழுத்துக்கொண்டாள். அணில் வேண்டாமென்று தலையாட்டினாள். ரேடியோ கேட்கவில்லை. கடகடவென்று வாசித்து முடித்தாள். பச்சை!

வினை அங்கேதான் தொடங்கியது.

"அடடே, அணிலுக்குப் பச்சையா! வாம்மா, எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டு" என்றார் டீச்சர்.

அணில் எழுந்து போய் நின்றாள். "ம... ம..."

"மீண்டும் முயற்சி செய்!" டேப்பின் குரலிலேயே யாரோ சொல்ல, வகுப்பு குலுங்கிச் சிரித்தது. புத்தகத்தின் மேல் சொட்டுச் சொட்டாகக் கண்ணீர் விழுந்தது.

ரேடியோவால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. தட்டுத் தடுமாறி எழுந்தாள்.

"நான்தான் வாசிச்சேன் டீச்சர். தப்புதான். ஆனா அவளுக்கு நல்லா வாசிக்கத் தெரியும். அந்த டேப் காத்திருக்க மாட்டேங்குது. நீங்க ஒரு தடவை கேளுங்க."

டீச்சரின் முகம் இறுகியது. "ஒவ்வொருத்தரா கேக்க எனக்கு நேரம் எங்கடி இருக்கு?"

"தினமும் என்னை 'வாயை மூடு'ன்னு சொல்றீங்களே, அந்த நேரத்தை அவளுக்குக் குடுங்க. நான் தானாவே மூடிக்கிறேன்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"ஏமாத்தினதுக்கு இன்னிக்கு உனக்குச் சிவப்பு" என்றார் டீச்சர்.

"சரி டீச்சர்."

மதிய இடைவேளையில் டீச்சர் வந்து அணிலின் பெஞ்சில் உட்கார்ந்தார். டேப்பை அணைத்துத் தள்ளி வைத்தார். "வாசி. நான் எங்கேயும் போகல."

அணில் திக்கினாள். நின்றாள். மறுபடி தொடங்கினாள். ஒரே சொல்லில் வெகுநேரம் மாட்டிக்கொண்டாள். எடுத்துக்கொடுக்க ரேடியோவின் நாக்கு துறுதுறுத்தது. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசி வரிவரை அணில் ஒரு சொல்லையும் தப்பாக வாசிக்கவில்லை.

டீச்சர் மெல்லச் சொன்னார்: "நீ எங்கேயும் போக வேண்டாம். பெரிய டீச்சர்கிட்ட நானே பேசிக்கிறேன்."

அணில் பக்கத்தைப் புரட்டினாள். "அ... அ... அடுத்த பாடமும் வாசிக்கட்டுமா?"

இடைவேளை முடிந்து மணி அடித்தது. டீச்சர் எழுந்திருக்கவில்லை.