கடலுக்கு ஆண்பால்

ஒரேயொரு விகுதிதான் பிழைத்திருந்தது.

'ஐயா, கடல் வருகிறான்' என்ற வரி திரையின் அடியில் வெள்ளெழுத்தில் வந்து நின்றது. கச்சிமுகம்மது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் உடுத்திருந்த சாரத்தின் ஓரத்தால் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார். கடல் அஃறிணை, ஒன்றன்பால். 'வருகிறது' என்று முடிய வேண்டிய வினை ஆண்பால் விகுதி பூண்டு நின்றது. மூன்று நாள்களில் அவர் கண்டெடுத்திருந்த பிழைகளோடு ஒப்பிட்டால் இது வெறுந்தூசு. ஆயினும் சிவப்புப் பேனை பிடித்த கை கொப்பிக்கு மேலே அந்தரத்தில் நின்றது. தலைக்கு மேலே மின்விசிறி சுழன்றது.

'வேந்தர்நிலம்' என்பது அந்தக் கணினி விளையாட்டின் பெயர். இன்னும் கடைக்கு வரவில்லை. வெளிநாட்டார் உருவாக்கியதைக் கொழும்பிலுள்ள ஒரு மொழிபெயர்ப்பு நிலையம் தமிழாக்கியிருந்தது. அங்கே வேலைசெய்யும் நிறோசா, ஒருகாலத்தில் கல்முனையில் அவரிடம் இலக்கணம் படித்தவள். பெட்டியும் திரையும் வயர் பூட்டிய விளையாட்டுக் கைப்பிடியும் வேனில் வந்திறங்கிய அன்றே தொலைபேசியில் அழைத்தாள்.

"பத்து மணித்தியாலம் வெளயாடிப் பாருங்க சேர். பிழையெல்லாம் குறிச்சுவெச்சு, முதல் எண்ணம் எண்டு நாலு பக்கம் எழுதித் தந்தாச் சரி."

"அறுபத்தாறு வயசில எனக்குக் குதிரையோட்டமா, புள்ள?"

"குதிரையால விழுந்தா ஒங்களுக்கு நோகாது சேர். தமிழ் விழுந்தாத்தான் நோகும்."

நொந்தது. 'கொல்லனிடம் புதிய வால் வாங்கு' என்பது விளையாட்டின் முதற்கட்டளை. அதன்படி மாவீரன் ஒருவன் இடையில் வால் தொங்க மலையேறினான். லகர ளகர வேறுபாடு அறியாதவனிடம் ஓர் அரசாட்சியையே எழுதக் கொடுத்தவன் எவன் என்று கச்சிமுகம்மது கொதித்தார். ஒற்று மிகக்கூடாத இடத்தில் மிகுந்திருந்தது. மிக வேண்டிய இடத்தில் அனாதையாய் மறைந்திருந்தது. கொப்பி சிவந்துகொண்டே போயிற்று.

ஆனால் அந்த உலகத்தைப் பழிக்க அவருக்கு மனம் வரவில்லை. அறிக்கையின் முதற்பக்கத்தில் நேர்மையாகவே எழுதினார்: 'புல்லின் ஒவ்வோர் இதழிலும் வெயில் தனித்தனியே விழுகிறது. இன்ன வழியிற் போ என்று எவரும் கட்டாயப்படுத்துவதில்லை. கண்ணுக்குத் தெரியும் மலை எதுவாயினும் அதில் ஏறலாம். வாளின் பாரம் கைக்குத் தெரிகிறது. வீரன் மடிந்தால், கடைசியாகக் கடந்த தீமூட்டத்தருகே உயிருடன் எழுகிறான். தன் தவற்றைத் திருத்திக்கொள்ள அவனுக்கு வாய்ப்பளிக்கப்படுகிறது.' இந்த இறுதி வசனத்தை எழுதிய பின்னர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவருடைய மனைவி சுபைறா தேநீர் கொண்டுவந்தாள். திரையில் ஓநாயொன்று வீரனைக் கடித்துக் கொன்றது. மறுகணம் அவன் எழுந்து நின்றான்.

"மௌத்தானவன் எழும்புறதுக்குக் கியாமத்து நாள் வரணும் எண்டுதான் எனக்கு ஓதித் தந்தாங்க," என்றாள் அவள். "இஞ்ச அஞ்சு நிமிசத்துக்கு ஒரு கியாமத்து நடக்குது. அந்த ஓநாயும் பாருங்க, ஒங்கட ஆளத்தான் தேடித் தேடிக் கடிக்குது. அதுக்கும் நீங்க இலக்கணம் படிப்பிச்சீங்களோ?"

அவர் சிரித்தார். அந்த வீட்டில் இருவர் மட்டுமே இருபது ஆண்டுகளாக வாழ்கிறார்கள். சிரிப்பு, விருந்தாளியைப் போல எப்போதாவது வந்து, இருக்கையின் நுனியில் அமர்ந்து, விரைவில் எழுந்து போய்விடும்.

நான்காம் நாள்தான் வீரனின் குதிரை கிழக்கெல்லையை அடைந்தது. ஆளரவமற்ற சிறு கிராமம். ஒரு வீட்டின் வாசலில் ஏழு வயது மதிக்கத்தக்க சிறுமி முதுகு காட்டி நின்றாள். அவ்வுலகத்தார் அனைவரும் தோற்காலணி அணிந்தவர்கள். இவள் வெறுங்காலோடு நின்றாள். கெண்டைக்கால்வரை ஈரமணல் ஒட்டியிருந்தது. கடலுக்கு ஆண்பால் விகுதி கொடுத்தவள் இவள்தான். கச்சிமுகம்மது ஒருவாறு கையை நகர்த்தி, 'வருகிறது' என்று திருத்தி, அன்று மாலையே திருத்தத்தை மின்னஞ்சலில் அனுப்பினார்.

மறுநாள் நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு மீண்டும் அமர்ந்தபோது, வெயில் யன்னற்சீலையைத் துளைத்துச் சீமெந்துத் தரையில் மஞ்சளாய்க் கிடந்தது. தெருவில் பேக்கரிப் பாண் விற்கும் ஓட்டோவின் மெட்டு நெருங்கி, வளைந்து, மேற்கே வயல்வெளிப் பக்கம் தேய்ந்தது. குசினியில் சுபைறா தேங்காய் துருவும் சத்தம், நின்று நின்று கேட்டது. இவை எல்லாவற்றுக்கும் அடியில், முதலில் நினைவென்றே அவர் எண்ணிய ஒரு வாடை, உப்பும் டீசலும் அழுகிய கடற்பாசியும் கரிய சேறும் கலந்த வாடை, கதவின் கீழிடுக்கால் மெல்ல மெல்ல உள்ளே வந்தது. அந்த வீட்டுக்குக் கடற்காற்று வராது. வரக்கூடாது என்பதற்காகவே ஊரின் மேற்கு ஓரத்தில், வயலை அண்டிக் கட்டிய வீடு அது.

சிறுமி அதே வாசலில் நின்றாள். இம்முறை எழுத்து வேறுவிதமாக வந்தது.

'கடல் வாறான்.'

வேந்தரும் கொல்லரும் செந்தமிழ் பேசும் நாட்டில், கல்முனைத் தெருவின் பேச்சு.

அவர் நிறோசாவை அழைத்தார். ஊரையும் சிறுமியையும் வரியையும் விவரித்தார். மறுமுனையில் விசைப்பலகை தட்டும் ஒலி கேட்டது; பிறகு நின்றது.

"சேர், அப்பிடியொரு வரி எங்கட கோப்பில இல்ல. நேத்து நீங்க அனுப்பின திருத்தத்தையும் எங்க போடுறதெண்டு தெரியாம வெச்சிரிக்கன். சின்னப் புள்ளயளே அந்தக் கேமில இல்ல, சேர்."

"நான் கண்ணால பாக்கன் புள்ள. கடற்கரை ஊரில நிக்கா."

"கடலா?" அவள் குரலில் இருந்த குறும்பு வடிந்துவிட்டது. "அந்தக் கேமில கடலே இல்ல, சேர். நாலு பக்கமும் மலை. மெப்பத் தெறந்து பாருங்க. சேர், சாப்பிட்டீங்களா? கொஞ்சம் படுத்தெழும்புங்களன்."

வரைபடத்தைத் திறந்தார். வடக்கே மலை. தெற்கே மலை. மேற்கே மலை. கிழக்கு விளிம்பில், பென்சிலால் கீறியதுபோல ஒரு நீலக்கோடு. மூடிவிட்டு மீண்டும் திறந்தார். கோடு விரலகலம் இருந்தது.

அந்த விகுதியை அவர் முன்னரும் ஒருமுறை கேட்டிருந்தார்.

இருபது ஆண்டுகளுக்கு முன், மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை. அப்போது வீடு கடற்கரையோரம். யன்னலருகே அமர்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவரிடம் ஏழு வயது மகள் ஆகிலா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "வாப்பா, கடல் வாறான்!" அவர் தலை நிமிரவில்லை. "கடல் என்ன ஆம்பிளையா? உயர்திணையா, அஃறிணையா? ஒழுங்காச் சொல்லு." பிள்ளை நின்றாள். வாப்பாவிடம் பிழையாகச் சொல்லக்கூடாதே என்று நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். ஐந்து விநாடி, அல்லது ஆறு. "கடல்... வருகுது" என்று அவள் சரியாகச் சொல்லி முடித்தபோது மதில் விழும் சத்தம் கேட்டது. கரிய நீர் யன்னலால் வந்தது. ஒரு சிறு கை அவருடைய சட்டையை ஒருமுறை பற்றியது. அவர் அதைப் பற்றவில்லை. கையில் பேனை இருந்தது. நீர் அவரை வீட்டினூடாகப் பின்வாசல்வரை தள்ளிச்சென்றது. அங்கே அகப்பட்ட சுபைறாவின் மணிக்கட்டைத்தான் அவர் இறுகப் பிடித்தார்.

அடக்கம் செய்ய ஆகிலாவின் மையித்துக் கிடைக்கவில்லை. 'புள்ள கடற்கரையால வரவேயில்ல' என்று அவர் சுபைறாவிடம் சொன்னார். இருபது ஆண்டுகளாக அந்த வசனத்தில் எழுவாயும் பயனிலையும் சரியாகவே இருக்கின்றன. உண்மை மட்டுந்தான் இல்லை.

ஆறாம் நாள், பிற்பகல். சுபைறா அறை வாசலில் வந்து நின்றாள்.

"மோட்டர் எரிஞ்சு கிடக்கு. கெணத்தில வாளியால அள்ளப் போறன். கட்டெல்லாம் ஒரே பாசி. இஞ்சேருங்க, கேக்குதா? கூப்பிட்டா வந்து வாளியப் புடிங்க."

"ஓம், ஓம்." அவர் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"தலையத் தூக்கிச் சொன்னாக் கழுத்துச் சுளுக்கிடுமாக்கும்," என்று முணுமுணுத்தபடி அவளுடைய செருப்பொலி பின்புறம் போயிற்று.

சிறுமி இப்போது வாசலில் இல்லை. தெருவின் நடுவில் நின்றாள். அவளுக்குப் பின்னால் கிழக்கு முழுவதும் உயர்ந்திருந்தது. மலையைப் போல, ஆனால் அசைந்துகொண்டு. மின்விசிறியின் சத்தத்துக்குள் வேறொரு சத்தம். வாடை தொண்டையில் இறங்கியது.

அவள் திரும்பினாள்.

நெற்றி சுருங்கியிருந்தது. யோசித்துக்கொண்டிருந்தாள்.

திரையில் எழுத்து வரவில்லை. ஒலிபெருக்கியிலிருந்து குரல் வந்தது. "வாப்பா, நான் எப்பிடிச் சொல்லணும்?"

அவளுக்குக் கீழே இரண்டு விடைகள் தோன்றின. முதலாவது: 'திருத்து.' இரண்டாவது: 'கையைப் பிடி.'

கச்சிமுகம்மது இரண்டாவதை அழுத்தினார்.

'கையை விடாதிருக்கப் பொத்தானை அழுத்தியபடியே வைத்திருக்கவும்' என்று ஒரு வரி வந்தது. அதில் ஒரு பிழையும் இல்லை.

வீரன் ஓடினான். கையில் சிறு கை. பின்னால் மதில்கள் விழுந்தன. கூரைகள் ஒன்றோடொன்று மோதின. கச்சிமுகம்மது பெருவிரலை நகம் வெளுக்க அழுத்தினார். தோட்டம். வேலி. சரிவு. ஒரு குன்று. நீர் வீரனின் முழங்காலைத் தொட்டது. பிறகு விட்டது. ஏறினார்கள். இன்னும் ஏறினார்கள். உச்சி.

அவர் அழுதுகொண்டிருந்தார். இருபது ஆண்டுகள் திருத்த முடியாதிருந்த ஒன்று திருந்திவிட்டது. சிறுமி மூச்சிரைத்தாள். அந்த மூச்சு அவருக்குத் தெரியும். ஆஸ்துமாக்கார ஆகிலாவின் மூச்சு.

"உம்மா எங்க, வாப்பா?"

திரையின் பார்வை தானாகவே கீழே திரும்பியது. நீருக்கு நடுவில் ஒரு வீடு. மேற்கு ஓரத்து வீடு. சீமெந்துத் தரை, யன்னற்சீலை, பின்முற்றம். முற்றத்தில் வட்டமான ஒரு கட்டு. அதன் நடுவே, நீருக்கு மேலே, ஒரு பெண்ணின் கை. முழங்கைவரை. தேடிக்கொண்டிருந்தது.

அதே கணத்தில் பின்னாலிருந்து, திரையிலிருந்தல்ல, வீட்டின் பின்னாலிருந்து, கேட்டது.

"இஞ்சேருங்க..."

ஆழத்திலிருந்து. கல்லில் மோதி வரும் குரல்.

எழுந்தார். பெருவிரல் பொத்தானில் இருந்தது. கைப்பிடியோடு நடந்தார். நாலு அடி. வாசல் நிலையில் வயர் இறுகி நின்றது. அங்கிருந்து குசினி தெரிந்தது. திறந்த பின்கதவு தெரிந்தது. கிணறு தெரியவில்லை. இன்னும் இருபது அடி.

"கை வழுக்குது... கையத் தாங்களன்..."

திரும்பினார். திரையில், குன்றின் உச்சியில், நீர் இப்போது சிறுமியின் கணுக்காலில். அவள் வீரனைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற கிழவரைப் பார்த்தாள்.

"விட்டிராதீங்க, வாப்பா."

"சுபைறா," என்றார். "ஒரு நிமிசம், சுபைறா. ஒரு நிமிசம்."

நீரில் எதுவோ அடித்தது. மறுபடியும் அடித்தது. திரையிலிருந்த கை ஒவ்வொரு முறையும் அசைந்தது. பெயர் சொல்லிக் கணவனை ஒருநாளும் அழைத்திராத பெண், கிணற்றுக்குள்ளிருந்து, அவருடைய முழுப்பெயரையும் சொல்லி அழைத்தாள்.

பெருவிரல் சற்றுத் தளர்ந்தது. சிறுமியின் விரல்கள் வீரனின் விரல்களினூடாக ஓரங்குலம் நழுவின.

அழுத்தினார்.

பள்ளிவாசலில் அஸர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். அது வீட்டையும் முற்றத்தையும் மூடியது. முடிந்தபோது கிணற்றுப் பக்கமிருந்து ஒன்றும் கேட்கவில்லை; மின்விசிறியின் சத்தம் மாத்திரம் இருந்தது.

வாசல் நிலையில், வயர் இறுகி நிற்க, கச்சிமுகம்மது நின்றார். திரையில் நீர் அசையாது கிடந்தது. அந்தக் கை கீழே போகவில்லை. எவரேனும் பற்றுவார் என்பதுபோல ஐந்து விரல்களும் விரிந்தபடி நீருக்கு மேலே நிமிர்ந்தே நின்றது. மணிக்கட்டில், நெடுங்காலத்துக்கு முன் எவரோ இறுகப் பிடித்த நான்கு விரல்களின் அடையாளம் கறுத்துக் கிடந்தது.