ஏரியில் விழுந்த ஹார்ட் டிஸ்க்

1989, மே மாதம். காலை ஒன்பது மணி.

மேசைமேல் இருந்த ஹார்ட் டிஸ்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. மெட்ராஸ் கம்ப்யூட்டர் கடைக்காரர் ஆதிநாராயணன், முழங்கால் வரை நனைந்த கறுப்பு பேண்ட்டோடு தலையில் கைவைத்து நின்றார்.

"படகுக்காரன் ஆட்டின ஆட்டத்துல பையோட ஏரியில விழுந்துடுச்சு மேடம்! சட்டுனு எடுத்துட்டேன். ஆனா தண்ணி பட்டா கடை பொறுப்பில்ல, அதையும் சொல்லிட்டேன்."

கரீமா டிஸ்கைக் கையிலெடுத்துப் புரட்டிப் பார்த்தாள். பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில், மீனவர் குப்பத்தில் இயங்கிய மீன் ஆய்வுத் திட்ட அலுவலகத்தில் அவள் டைப்பிஸ்ட். அலுவலகத்தின் பழைய லேப்டாப்பில் டிஸ்க் செத்துவிட்டது. மாற்று எது என்று முடிவு செய்தது அவள்தான். கடையில் நாற்பது மெகாபைட் டிஸ்க் எளிதாகக் கிடைத்தது. ஆனால் அந்தப் பழைய மெஷின் தன் காலத்து இருபது மெகாபைட் ரகத்தைத் தவிர வேறெதையும் அடையாளம் காணாது. பொன்னேரியில் தான் படிக்கும் மாலைநேரக் கம்ப்யூட்டர் வகுப்பில் அதை மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டபின்தான் சொன்னாள். அந்த ரகம் மெட்ராஸ் முழுக்கத் தேடியும் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது.

படகுக்காரர் சிங்காரம் மூச்சிரைக்க வந்தார். "இன்னா சார் பேசற? பை உன் மடியிலதான இருந்துச்சு! காஞ்ச பையோட எறங்கினே. நான் படகை இழுத்துக் கட்டறதுக்குள்ள முன்னாடி ஓடிட்டே."

"பொய் சொல்றான் மேடம்."

கரீமா டிஸ்கைத் துடைக்காமல் அப்படியே காயவைத்தாள். நனைந்திருந்த நீலக் கித்தான் பையை வெளியே கொடியில் போட்டாள்.

பகல் ஒரு மணிக்குத் திட்ட அதிகாரி அந்தோணிசாமி வந்தார். காய்ந்த டிஸ்கைப் பொருத்திப் பார்த்தார்கள். முனகல்கூட இல்லை.

"சிங்காரம், நாளையிலேர்ந்து உன் படகு வேணாம்."

சிங்காரத்தின் முகம் வெளுத்தது. முகத்துவாரம் மணலால் அடைபட்டு, ஏரி சுண்டி, மீன் படாத கோடை இது. இந்தப் படகு வாடகையில்தான் அவர் வீட்டில் உலை கொதித்தது.

கரீமா கொடியருகே போனாள். திரும்பி ஆதிநாராயணனின் கால்களைப் பார்த்தாள். 'தப்பாகச் சொல்லி அசிங்கப்பட்டால்?' என்று தயங்கினாள். பிறகு பழைய நாற்காலி உறையிலிருந்து இரண்டு நீலத் துண்டுகள் கிழித்தாள். ஒன்றை ஏரியில் முக்கினாள். மற்றதைப் படகுத்துறை வழியிலிருந்த அடிபம்பில் நனைத்தாள். இரண்டையும் வெயிலில் போட்டுவிட்டு வந்தாள்.

"சார், பையை எங்கயாவது அலசினீங்களா?"

"அலசறதா? எடுத்த எடுப்புல ஓடி வந்தேன்."

"வேற யாராவது கையில வாங்கினாங்களா?"

"யார் கையிலயும் குடுக்கல மேடம். இன்னா, போலீஸ் ஆயிட்டீங்களா?"

"இல்ல சார். நிச்சயமா தெரிஞ்சுக்கத்தான்."

அரை மணியில் துண்டுகளையும் பையையும் கொண்டுவந்து மேசையில் விரித்தாள். ஏரியில் முக்கியது விறைத்து, வெள்ளை பூத்திருந்தது. அடிபம்புத் துண்டு சுத்த நீலம்.

"ஆதிநாராயணன் சார், உங்க பேண்ட்டைப் பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். கரையிறங்கும்போது நனைந்த கறுப்புத் துணியில் முழங்காலுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாக வரி.

"மே மாசத்துல நம்ம ஏரி கடலைவிட உப்பு. தொட்டதெல்லாம் பூக்கும். இந்தப் பையில ஒரு பொட்டுகூட இல்ல. டிஸ்கோட கனெக்டர் முனையிலயும் இல்ல."

அந்தோணிசாமி நெற்றியைச் சுருக்கினார். "இரு கரீமா. ஏரியில விழுந்ததை இவங்க நல்ல தண்ணியில அலசிடுவாங்களே? சிங்காரம் அலசியிருந்தா?"

"அலசியிருப்பாங்க சார். இன்ஜினோ வாட்சோ, இங்க யாரா இருந்தாலும் முதல்ல அதைத்தான் செய்வாங்க. அதான் கேட்டேன். அலசல, யார் கையிலயும் குடுக்கலைனு அவரே சொல்லிட்டார். அப்ப இந்தப் பை ஏரியையே பாக்கல. வழியில அடிபம்பைத்தான் பாத்துச்சு." அவள் பையை ஆதிநாராயணன் பக்கம் தள்ளினாள். "எங்கயோ கெடந்த வேற ஒரு செத்த டிஸ்கை நனைச்சுக் கொண்டாந்துட்டார். நல்ல டிஸ்க் எங்க சார்? அந்த ஒண்ணுக்கு வேற யார் ஆசைப்பட்டாங்க?"

ஆதிநாராயணன் நாற்காலியில் சரிந்தார். "ஒரு கம்பெனிக்காரங்க ரெட்டை விலை தர்றேன்னாங்க... இன்னும் குடுக்கல சார், கடையிலதான் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்துடறேன்."

"நீர் இங்கயே உக்காரும். எங்க ஆள் போய் எடுத்துவருவார்," என்றார் அந்தோணிசாமி. பிறகு வாசலில் நின்ற சிங்காரத்தைப் பார்க்காமல் தொண்டையைக் கனைத்தார். "நாளைக்குக் காலைல... வழக்கம்போல எட்டு மணிக்குப் படகு எடுத்துட்டு வந்துடுப்பா."

சிங்காரம் தோள்துண்டை எடுத்து உதறினார்.

"வூட்ல ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேன் சார்."

கரீமா சிரிப்பை மறைக்கக் குனிந்து, மெஷினில் பொருத்திய அந்தச் செத்த டிஸ்கின் திருகுகளைக் கழற்றத் தொடங்கினாள்.